வானிலை மட்டும் பேசலாம்

மினேகவா மேற்குத் தொடக்கப்பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியை. எனக்கு ஜப்பானிய மொழி தெரியக்கூடாது என்பது என் வேலையின் முதல் நிபந்தனை. என்னோடு சேர்ந்து பாடம் நடத்தும் வகுப்பாசிரியை என்னிடம் பேசக்கூடாது என்பது இரண்டாவது. இந்த இரண்டையும் கடைப்பிடித்தபடி நாங்கள் இருவரும் குழந்தைகளுக்கு உரையாடல் கற்றுக்கொடுக்க வேண்டும்.

எனக்கு ஜப்பானிய மொழி தெரியும். பிலிப்பைன்ஸிலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். மாமியாரோடு சண்டை போட்டுக் கற்ற மொழி என்பதால், அகராதியில் இல்லாத சொற்கள்கூட எனக்கு அத்துப்படி. ஆனால் என்னை வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனி, நகரக் கல்வி வாரியத்துக்கு என்னை விற்றது “கலப்படமற்ற ஆங்கிலச் சூழல்” என்ற பெயரில். நெய் டின் மேல் எழுதுவது போல. அதனால் பள்ளிக்குள் குழந்தைகள் எதிரே ஒரு ஜப்பானியச் சொல் என் வாயிலிருந்து வந்துவிட்டால் நான் கலப்படம்.

இரண்டாவது நிபந்தனையைத் தலைமையாசிரியர் குமகுரா முதல் நாளே விளக்கினார். அவர் நல்ல மனிதர். பேச்சென்று வந்துவிட்டால் எழுந்து நின்றுதான் பேசுவார், எதிரே ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாலும்கூட.

“ரிண்டா டீச்சர்,” என்றார். என் பெயர் எர்லிண்டா. அது நீளமென்று பள்ளியில் ரிண்டா ஆக்கிவிட்டார்கள். “நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர். அதனால உங்ககிட்ட நாங்க யாரும் எதுவும் சொல்ல மாட்டோம். நீங்க கம்பெனி ஆளு. உங்களுக்கு உத்தரவு போடுற உரிமை கம்பெனிக்குத்தான். சாக்பீஸை எடுங்கன்னு இகராஷி டீச்சர் உங்களைப் பார்த்துச் சொல்லிட்டாங்கன்னா, அது சட்டவிரோதம். சாக்பீஸ் வேணும்னா அவங்க என்கிட்டச் சொல்லுவாங்க, நான் வாரியத்துக்குச் சொல்லுவேன், வாரியம் கம்பெனிக்குச் சொல்லும், கம்பெனி உங்களுக்குச் சொல்லும். நீங்க எடுத்துக் குடுத்துடலாம்.”

“அதுவரைக்கும் அவங்க என்கிட்டப் பேசவே கூடாதா சார்?”

“ஐயையோ, தாராளமாப் பேசலாம்! மனுஷங்க பேசாம இருக்க முடியுமா? வானிலை பத்திப் பேசலாம். வானிலை உத்தரவு ஆகாது. வக்கீல்கிட்டயே கேட்டுட்டோம்.”

இதையெல்லாம் அவர் ஜப்பானிய மொழியில்தான் சொன்னார். எனக்குத் தெரியாத மொழியில் அவர் சொன்னதை நானும் பணிவோடு கேட்டுக்கொண்டேன்.

இகராஷி ஐந்தாம் வகுப்பின் ஆசிரியை. சின்ன வயசு. எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்கிறவள். முதல் வாரம் நான் கரும்பலகையை மறைத்தபடி நின்றுவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், மூடினாள், பிறகு வகுப்பைவிட்டு ஓடினாள். கொஞ்ச நேரம் கழித்து என் பையிலிருந்த செல்போன் துடித்தது. தாழ்வாரத்துக்குப் போய் எடுத்தேன். கம்பெனி மேலாளர் நெசு. பெயரோடு மரியாதைக்குச் ‘சான்’ சேர்க்காமல் பேச மாட்டார்.

“எர்லிண்டா சான், வாரியத்திலிருந்து ஒரு வேண்டுகோள் வந்திருக்கு. கொஞ்சம் இடது பக்கம் நகர முடியுமா?”

நான் வகுப்புக்குத் திரும்பி இடது பக்கம் நகர்ந்தேன். அதற்குள் ஆங்கிலம் முடிந்து இசை வகுப்பு ஆரம்பமாகியிருந்தது. குழந்தைகள் புல்லாங்குழலை வாயில் வைத்தபடி என்னை வேடிக்கை பார்த்தார்கள்.

அதற்கப்புறம்தான் நாங்கள் வானிலையைக் கையிலெடுத்தோம். இகராஷிதான் ஆரம்பித்து வைத்தாள். ஒருநாள் பாடத்தின் நடுவே ஜன்னலைப் பார்த்து, “இன்னிக்கு இடது பக்கம் நல்ல வெயில்,” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் இடது பக்கம் நகர்ந்தேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காற்று பலமாக வீசுகிறது என்றால் நான் வேகமாகப் பேசுகிறேன் என்று அர்த்தம். மேகமூட்டம் என்றால் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. வருஷ முடிவில் ஒரு பையன் கட்டுரையில் எழுதினான்: “வெளிநாட்டுக்காரர்களுக்குச் சோற்றைவிட வானிலை பிடிக்கும்.” தலைமையாசிரியர் அதை நடைவழியில் ஒட்டிவைத்தார், பன்னாட்டுப் புரிதல் என்ற தலைப்பின் கீழ்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜப்பானின் எல்லாப் பள்ளிகளையும் போல எங்கள் பள்ளியிலும் துப்புரவு நேரம். பிள்ளைகள் தலையில் துணி கட்டிக்கொண்டு ஈரத்துணியோடு தரையில் குனிந்து ஓடுவார்கள். துப்புரவு என் ஒப்பந்தத்தில் இல்லை. எனவே என்னிடம் யாரும் துடைக்கச் சொல்ல முடியாது. ஆனால் நான் துடைக்காமல் நின்றால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். ஆகவே துடைத்தேன். எனக்கு வாய்த்த இடம் இரண்டாம் மாடிப் படிக்கட்டின் திருப்பம். அங்கே என்னோடு துடைத்தவள் சியோரி.

சியோரி பேசாத குழந்தை. ஊமை இல்லை. வீட்டில் நன்றாகப் பேசுவாளாம். பள்ளி வாசலைத் தாண்டியதும் வாய் பூட்டிக்கொள்ளும், ஒன்றாம் வகுப்பிலிருந்தே அப்படி. வற்புறுத்தாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பள்ளியும் அதை அப்படியே ஏற்று, அவளிடம் யாரும் எதுவும் கேட்பதை அடியோடு நிறுத்திவிட்டது.

ஒருநாள் படியைத் துடைத்துக்கொண்டிருக்கையில், என் தோள் பக்கத்தில் மெல்லிசாக ஒரு குரல் கேட்டது.

“அந்த மூலையில ஒரு சிலந்தி இருக்கு. அப்பா ஆபீஸ் மேனேஜர் மாதிரியே அசையாம உக்காந்திருக்கும். அதனால மேனேஜர்னு பேர் வச்சிருக்கேன். நீங்க அவரைத் துடைச்சிடாதீங்க. உங்களுக்குப் புரியாது, இருந்தாலும் சொல்றேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, விழுங்கினேன். நான் அவள் பேச்சைப் புரிந்துகொள்கிறேன் என்று தெரிந்த அந்த நொடியே அவள் வாய் மறுபடி பூட்டிக்கொள்ளும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரித்து, மேனேஜரைச் சுற்றி வளைத்துத் துடைத்தேன்.

அதிலிருந்து தினமும் பேசினாள். பூனையிடம் பேசுகிற மாதிரி, பதிலை எதிர்பார்க்காமல். அம்மா சமைக்கும் கத்தரிக்காய் பற்றி, அப்பாவின் குறட்டை பற்றி. ஒருநாள் சொன்னாள்: “பெரிய சார் நம்ம ஸ்கூல் முயல் கூண்டு முன்னாடி நின்னு வரவேற்புரை பழகுறாரு. கடைசியில கைதட்டலுக்காக நிறுத்துறாரு. முயலுங்க தட்டல. அதனால மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிச்சாரு.” அன்றைக்கு நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்து ரத்தமே வந்தது. கம்பெனி விதித்த நிபந்தனைகளிலேயே நான் சந்தோஷமாகக் கடைப்பிடித்தது மொழி தெரியாதவளாக இருக்க வேண்டும் என்ற இந்த ஒன்றைத்தான்.

முயல்கள் கேட்ட உரை பிப்ரவரியில் நடக்கவிருந்த மாதிரி வகுப்புக்கானது. மாவட்டம் முழுவதிலுமிருந்து ஆசிரியர்களும் அதிகாரிகளும் வந்து, எங்கள் ஐந்தாம் வகுப்பின் ஆங்கிலப் பாடத்தைச் சுற்றி நின்று பார்ப்பார்கள். தலைப்பு: “இதயத்தோடு இதயம் பேசும் வகுப்பறை: தன்னெழுச்சியான உரையாடலை நோக்கி”. தன்னெழுச்சிக்கு இலையுதிர்காலத்திலேயே ஒத்திகை ஆரம்பமாகிவிட்டது.

யார் எப்போது கை தூக்க வேண்டும், யார் தயங்கிவிட்டுத் தூக்க வேண்டும் என்பதெல்லாம் முடிவாகியிருந்தது. எல்லாம் சரியாக இருந்தால் செயற்கையாகத் தெரியும் என்று, தப்பாகச் சொல்வதற்கென்று சில பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். தப்புச் சொல்லும் வாய்ப்புக் கிடைக்காத ஒரு பையன் வீட்டுக்குப் போய் அழுதான். அவன் அம்மா பள்ளிக்குப் போன் செய்து, தன் மகன் இயல்பாகவே நிறையத் தப்புச் செய்கிறவன், அவனை எப்படி ஒதுக்கலாம் என்று கேட்டாள். அவனுக்கும் ஒரு தப்பு ஒதுக்கப்பட்டது.

பாடத்தின் உச்சம் கென்ஷின் என்ற பையனின் கேள்வி. எழுந்து நின்று என்னைப் பார்த்து, “கேன் யூ ஸ்பீக் ஜாப்பனீஸ்?” என்று கேட்பான். நான் சோகமாக, “நோ, ஐ கான்ட்,” என்பேன். வகுப்பே ஆச்சரியத்தோடு “ஓ!” என்று சொல்லும். அப்போதுதான் ஆங்கிலத்தில் பேச வேண்டிய அவசியத்தைக் குழந்தைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள்.

தலைமையாசிரியர் வகுப்பின் பின்னால் நின்று அந்த “ஓ”வைச் செதுக்கினார். “இந்த ஓ-ல ஆச்சரியம் பத்தலை. போன வெள்ளிக்கிழமை ஓ நல்லா இருந்துச்சு. அந்த ஓ-வைக் கொண்டு வாங்க.”

சிக்கல் சியோரியால் வந்தது. வகுப்பில் ஒரு குழந்தைகூட விடாமல் அத்தனை பேரும் பேசினார்கள் என்று காட்டுவது பள்ளியின் லட்சியம். ஆசிரியர் அறையில் அதைப் பற்றிக் கூட்டம் நடந்தது. எனக்குப் புரியாது என்ற வசதியில் என் மேஜைக்கு முன்னாலேயே நடந்தது. குமகுரா எழுந்து நின்றார்.

“சியோரியோட மௌனத்தை நாம மதிக்கணும். மதிக்கிறதுக்குப் பொருத்தமான இடம் நர்ஸ் ரூம். அங்க ஹீட்டர் இருக்கு, படுக்கை இருக்கு. வகுப்புல உக்காந்திருந்தா அவ பேசாத குழந்தை. நர்ஸ் ரூம்ல படுத்திருந்தா ஓய்வெடுக்கிற குழந்தை. ஓய்வெடுக்கிற குழந்தை கணக்குல வராது. யாரையும் ஒதுக்கக் கூடாதுங்கிறதுதான் நம்ம வகுப்போட உயிர்மூச்சு. அதுக்காக அன்னிக்கு ஒருநாள் அவளை வெளிய வச்சுக்கலாம்.”

இகராஷி மெதுவாகச் சொன்னாள்: “மன்னிக்கணும் சார். அவளை ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“கேட்டா பதில் சொல்ல மாட்டாளே டீச்சர்! பேசாத குழந்தைகிட்ட எதைக் கேக்கிறது? பாவம், அவளுக்கே நிம்மதியாத்தான் இருக்கும்.”

மறுநாள் படிக்கட்டில் சியோரி ஒரே படியைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு துணியைப் பிழிந்தபடி சொன்னாள்.

“அன்னிக்கு நான் நர்ஸ் ரூமாம். எனக்குக் காய்ச்சல் எல்லாம் இல்ல. எனக்கு என் நாற்காலியில உக்காரணும். தொந்தரவு பண்ண மாட்டேன். எல்லாரும் ஓ சொல்றப்போ நானும் வாயைத் திறப்பேன். சத்தம் வராது, ஆனா திறப்பேன். ஒத்திகையிலயும் அப்படித்தான் பண்றேன். யாரும் பார்க்கல.”

நானும் பார்த்திருக்கவில்லை. சுருக்கென்றது. அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். அன்றைக்கு அந்தச் சிரிப்பு எனக்கே அருவருப்பாக இருந்தது.

இகராஷியிடம் நேரே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒப்பந்தப்படி நானும் அவளிடம் வேலை விஷயம் பேசக்கூடாது. ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது, புதுப்பிக்க வேண்டும். எனக்கும் வயிறு இருக்கிறது. ஆகவே முறைப்படி நெசுவுக்குப் போன் செய்தேன்.

“நெசு சார், சியோரிங்கிற குழந்தை அன்னிக்கு வகுப்புலயே தன் நாற்காலியில உக்காரணும்னு ஆசைப்படுது.”

“அப்படியா? யார் சொன்னாங்க?”

“அவளே சொன்னா.”

“இங்கிலீஷ்லயா?”

“இல்ல. ஜப்பானிய மொழியில.”

“எர்லிண்டா சான், உங்களுக்கு ஜப்பானிய மொழி தெரியாது. அந்தக் குழந்தை பேசாது. பேசாத குழந்தை, தெரியாத மொழியில சொன்னதை, நான் எப்படி வாரியத்துக்குத் தெரிவிக்கிறது? என் நிலைமையையும் கொஞ்சம் யோசிங்க.”

“சார், நாம இப்பப் பேசிட்டு இருக்கிறதே ஜப்பானிய மொழியிலதான்.”

“அதைப் பெரிசு பண்ணாதீங்க. சரி, உங்க மனசைப் புண்படுத்த விரும்பல. பள்ளியில் ஒரு குழந்தைக்கு நாற்காலி தேவைப்படுதுன்னு பொதுவா சொல்லி வைக்கிறேன்.”

கம்பெனி வாரியத்துக்குச் சொன்னது. வாரியம் ஆலோசித்தது. வாரியம் தலைமையாசிரியருக்குச் சொன்னது. அந்த வாரமே நடவடிக்கை எடுத்துவிட்டார்கள், சும்மா சொல்லக் கூடாது. சியோரியின் நாற்காலியை வகுப்பிலிருந்து தூக்கிக்கொண்டு போய் நர்ஸ் அறையில் போட்டார்கள்.

“என் நாற்காலி நர்ஸ் ரூம்ல இருக்கு,” என்றாள் சியோரி, படிக்கட்டில். “வகுப்புல எனக்கு வேற நாற்காலி போட்டிருக்காங்க. அது ஆடுது.” சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் மேனேஜர் இருந்த மூலையைப் பார்த்துக்கொண்டு அழுத்தித் துடைத்தேன்.

மாதிரி வகுப்பன்று காலையில் இடுப்பளவு பனி. அதிகாரிகள் வரும் பாதையில் பனியை ஒதுக்க நாங்கள் எல்லோரும் மண்வெட்டியோடு வெளியே நின்றோம். குமகுரா வரவேற்புப் பதாகைக்குக் கீழே நின்று உதட்டை அசைத்து உரையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். இகராஷி எனக்குப் பக்கத்தில் பனியை வாரினாள். இதைவிட்டால் வேறு வாய்ப்பில்லை.

“இகராஷி டீச்சர்,” என்றேன். “இன்னிக்கு நர்ஸ் ரூமுக்குள்ள பயங்கரப் பனிப்புயல்.”

அவள் நிமிர்ந்தாள். “அங்க ஹீட்டர் இருக்கே?”

“இருந்தாலும் குளிருது. ஒருத்திக்கு ரொம்பக் குளிருது. வகுப்புல ஜன்னலோரமா ஒரு இடம் இருக்கில்ல, எப்பவும் அவ உக்கார்ற இடம். அங்க நல்ல வெயில். அந்த வெயில்தான் வேணுமாம்.”

“வேணுமாமா?” இகராஷியின் குரல் இறங்கியது. “யாரு... வெயிலா சொல்லுச்சு?”

“வாயைத் திறந்து சொல்லுச்சு. நான் காதால கேட்டேன்.”

அவள் மண்வெட்டி பனியிலேயே நின்றது. குமகுரா அங்கிருந்து குரல் கொடுத்தார்: “அங்க என்ன பேச்சு?”

“வானிலை சார்!” என்றோம் இரண்டு பேரும்.

“நல்லது, நல்லது. பேசுங்க, பேசுங்க.”

வகுப்புச் சுவர் முழுக்க அதிகாரிகள். கோட்டும் சூட்டும், காலில் பள்ளி கொடுத்த பச்சைச் செருப்பு. வாரியத்தின் தலைமை வழிகாட்டி அன்சாய் அம்மையார் முன்வரிசையில், கையில் எண்ணும் கருவியோடு. ஒரு குழந்தை ஆங்கிலத்தில் பேசும்போதெல்லாம் அதைக் கட்டைவிரலால் அழுத்துவார். நெசுவும் வந்திருந்தார், கலப்படம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க.

கடைசி நிமிஷத்தில் இகராஷி உள்ளே வந்தாள், இரண்டு கையாலும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு. பின்னால் சியோரி. ஜன்னலோரமாக நாற்காலியைப் போட்டாள், சியோரி உட்கார்ந்தாள். குமகுராவின் முகம் வரவேற்பு நிலையிலேயே உறைந்தது.

“என்ன இது?” என்றார் பல்லிடுக்கில்.

“நர்ஸ் ரூம்ல பனிப்புயல் சார். மன்னிக்கணும்,” என்றாள் இகராஷி. மன்னிப்புக் கேட்கிறவளின் முகம் அல்ல அது.

பாடம் தடங்கலின்றி ஓடியது. தயங்க வேண்டியவர்கள் தயங்கினார்கள். தப்புகள் அனைத்தும் சரியாக வந்தன. அழுத பையன் ஆர்வம் தாங்காமல் இரண்டு தடவை தப்புச் செய்தான். அன்சாய் அம்மையாரின் கருவி டிக் டிக்கென்று அழகாக ஓடியது. உச்சக்கட்டம் வந்தது. கென்ஷின் எழுந்திருக்க நாற்காலியைத் தள்ளினான்.

அதற்குள் ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலி நகர்ந்தது. சியோரி நின்றுகொண்டிருந்தாள்.

கென்ஷின் பாதி எழுந்தபடி அப்படியே நின்றான். அவள் உதடு இரண்டு தடவை அசைந்து சத்தம் வரவில்லை. மூன்றாம் தடவை வந்தது, படிக்கட்டில் எனக்குக் கேட்கும் அதே மெல்லிய குரல்.

“கேன் யூ ஸ்பீக் ஜாப்பனீஸ்?”

டிக் என்றது கருவி. குமகுராவின் முகத்தில் சூரியன் உதித்தது. பேசாத குழந்தை பேசிவிட்டது, அதுவும் ஆங்கிலத்தில், அதுவும் திட்டத்தில் உள்ள வாக்கியத்தை! இனி நான் “நோ, ஐ கான்ட்” என்று சொல்ல வேண்டும், வகுப்பு வெள்ளிக்கிழமை ஓவைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நெசு எனக்குத் தலையசைத்து உற்சாகமூட்டினார்.

நான் சியோரியைப் பார்த்தேன். அவள் ஒத்திகைக் கேள்வியைக் கேட்கவில்லை. நாற்காலி விஷயத்தை இந்த உலகத்தில் அவள் என் ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள். நாற்காலி நர்ஸ் அறைக்குப் போயிற்று, திரும்பியும் வந்தது. அவள் யோசித்துப் பார்த்திருக்கிறாள். நிஜமாகவே கேட்கிறாள். ‘தெரியாது’ என்று நான் சொன்னால் வேலை இருக்கும், ஆனால் இந்தக் குழந்தை தன் வாழ்க்கையில் முதல்முறையாகப் பள்ளியில் கேட்ட கேள்விக்குப் பொய் பதில் கிடைத்திருக்கும்.

“யெஸ்,” என்றேன். “ஐ கேன்.”

வகுப்பு “ஓ!” என்றது. இத்தனை மாதத்தில் அப்படியோர் ஓ வந்ததில்லை. ஆனால் அதை ரசிக்கும் நிலையில் குமகுரா இல்லை.

சியோரி என்னைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, ஜப்பானிய மொழியில் சொன்னாள்: “தெரியும்.” சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அப்புறம் வகுப்பை யாராலும் பிடிக்க முடியவில்லை.

“டீச்சர், அப்போ எல்லாமே புரியுமா?”

“புரியும்டா.”

“உங்க பாட்டு பூனை கத்துற மாதிரி இருக்குன்னு நான் சொன்னது?”

“கேட்டுச்சு.”

“நான் சொல்லல டீச்சர், கென்ஷின்தான் சொன்னான்!”

“அதுவும் கேட்டுச்சு.”

குழந்தைகள் மேஜைகளை விட்டு என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். என் ஊர் எங்கே, அங்கே பனி பெய்யுமா, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேள்விகள் மழையாய் வந்தன. இகராஷி ஓரமாக நின்று வாயைப் பொத்திச் சிரித்தாள். நெசு பச்சைச் செருப்போடு வெளியே போனதைப் பார்த்தேன். செருப்புச் சத்தம் தாழ்வாரக் கடைசிவரை கேட்டது.

பிற்பகல் நூலகத்தில் விமர்சனக் கூட்டம். அன்சாய் அம்மையார் பேசினார்.

“வகுப்பு சிறப்பா அமைஞ்சிருந்தது. குறிப்பா தப்புகளோட தரம் ரொம்ப உயர்வு. பிற்பகுதியில, உரையாடல் பத்தின பாடத்துல, எதிர்பாராத விதமா உரையாடல் ஏற்பட்டுடுச்சு. அது வருந்தத்தக்கது. குழந்தைங்க சொந்தமா கேள்வி கேட்டதால, நாம தயாரிச்ச தன்னெழுச்சிக்கு நேரம் இல்லாமப் போச்சு. ஜன்னலோரக் குழந்தை பேசினதுல இங்கிலீஷ் வாக்கியத்தை மட்டும் எண்ணியிருக்கேன். அதுக்கப்புறம் ஏதோ ஒரு வார்த்தை சொன்னா, அது ஜப்பானிய மொழி. கணக்குல வராது. இருந்தாலும், பேசாத குழந்தை யாருமே இல்லைங்கிறதால, இந்தப் பள்ளி முழு இலக்கையும் எட்டியிருக்கு. வாழ்த்துகள்.”

குமகுரா எழுந்து நின்று, சியோரியை வகுப்பில் வைத்திருப்பது என்பது பள்ளி முதலிலிருந்தே எடுத்திருந்த துணிச்சலான முடிவு என்று கண்ணீர் மல்கச் சொன்னார். இந்த முறை கைதட்டல் கிடைத்தது.

அது அதோடு நிற்கவில்லை. எங்கள் வகுப்பு மாதிரியாக அறிவிக்கப்பட்டு எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை போனது. அடுத்த ஆண்டு முதல் ஒவ்வொரு பள்ளியிலும் வெளிநாட்டு ஆசிரியர் பாடத்தின் உச்சக்கட்டத்தில் எதிர்பாராத விதமாக ஜப்பானிய மொழியில் பிடிபட வேண்டும். கேள்வியை ஒரு பேசாத குழந்தை கேட்க வேண்டும். பேசாத குழந்தை இல்லாத பள்ளிகள், தகுதியான ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து ஜனவரியிலிருந்து பேசாமல் இருக்கப் பயிற்சி அளிக்க வேண்டும்.

எனக்கு நெசுவிடமிருந்து போன் வந்தது.

“எர்லிண்டா சான், உங்களை நாங்க கைவிட மாட்டோம். ஏப்ரல்லேருந்து நதிக்கு அக்கரையில இருக்கிற கிழக்குப் பள்ளி. அங்க உங்களுக்கு ஜப்பானிய மொழி தெரியாது. போன தடவை மாதிரி தெரிஞ்சுக்காதீங்க.”

மார்ச் கடைசியில் இகராஷி ஆசிரியர் அறையில் என் மேஜைக்கு வந்தாள். குமகுரா எதிரே உட்கார்ந்திருந்தார். அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. என்னை நேராகப் பார்த்து, சத்தமாக, “போகாதீங்க,” என்றாள். அது ஓர் உத்தரவு. எனக்கு அவள் போட்ட ஒரே சட்டவிரோத உத்தரவு. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். குமகுரா எங்கள் இருவரையும் பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, “வெளிய ரொம்ப மேகமூட்டமா இருக்கு, இல்ல?” என்றார். அவர் நல்ல மனிதர் என்று நான் முதலிலேயே சொன்னேன்.

என்னை வாட்டியது இடமாற்றம் அல்ல. மாதிரி வகுப்புக்குப் பிறகு சியோரி படிக்கட்டில் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வகுப்பில் ஒன்றிரண்டு சொல் பேச ஆரம்பித்திருந்தாள், இகராஷியிடம்கூட. என்னிடம் இல்லை. நான்தான் எல்லாவற்றையும் ஒட்டுக் கேட்டவளாயிற்றே. அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. தினமும் இருவரும் தலையைக் குனிந்து துடைத்தோம். இத்தனை வருஷத்தில் அந்தப் படிக்கட்டு அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

கடைசி நாள். மேல்மாடியிலிருந்து கென்ஷின் எட்டிப் பார்த்து, “சியோரி, உன் சிலந்தி செத்துப்போச்சா?” என்றான்.

“போடா! மேனேஜர் நல்லாத்தான் இருக்காரு!” என்று அவள் கத்தியது மூன்று மாடிக்கும் கேட்டது.

அவன் ஓடிப்போனான். அவள் துணியைப் பிழிந்தாள். பிறகு, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

“நான் சொன்னதெல்லாம் புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது.”

“முயல் விஷயமும்?”

“அன்னிக்கு உதட்டைக் கடிச்சு ரத்தமே வந்துடுச்சு.”

அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சிரித்து முடித்துவிட்டு, அடுத்த படிக்கு இறங்கித் துடைத்தபடி கேட்டாள்.

“புது ஸ்கூல்ல உங்களுக்கு ஜப்பானிய மொழி தெரியுமா?”

“தெரியாது.”

அவள் துணியை மறுபக்கம் திருப்பினாள்.

“அப்போ சரி,” என்றாள் சியோரி. “அங்கேயும் யாராவது உங்ககிட்டப் பேசணும்ல.”